ஸ்லாவா ஃபெதிசோவ்: முன்வாசல் வழியாகவே வெளியேறிய தடுப்பாட்டக்காரர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ் ஹாக்கி பார்க்காத நண்பர்களிடம் ஸ்லாவா ஃபெதிசோவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். யார் அவர் என்று தொடங்கி, சோவியத்திலிருந்து அவர் ஏன் ஓடிப்போகவில்லை என்பதில் வந்து நிற்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் அதற்கு முன்னால் உள்ளதைச் சொல்லாமல் அது புரியாது. அதனால் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஃபெதிசோவ் யார்?

முழுப் பெயர் வியாச்சிஸ்லாவ் அலெக்சாந்திரோவிச் ஃபெதிசோவ். 1958 ஏப்ரல் 20 அன்று மாஸ்கோவில் பிறந்தார். தடுப்பாட்டக்காரர், சோவியத் தேசிய அணிக்குத் தலைவராகவும் இருந்தவர். 1984, 1988 ஒலிம்பிக்கில் தங்கம், ஏழு முறை உலகச் சாம்பியன், 1997இலும் 1998இலும் வட அமெரிக்க லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பை. 31 வயதில் அமெரிக்கா போய் 40 வயதுவரை அங்கே ஆடினார். ஸ்லாவா என்பது வீட்டுச் செல்லப்பெயர். உலகமும் அப்படியே கூப்பிட்டது.

ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டக்காரரின் வேலை என்ன?

ஒரு நேரத்தில் பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர்: ஒரு கோல்கீப்பர், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று முன்கள ஆட்டக்காரர்கள். 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவு மூச்சு வாங்கும். தடுப்பாட்டக்காரர் எதிரணி ஆளைக் கோலுக்கு அருகில் வரவிடாமல் மறிக்க வேண்டும், வட்டை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் தட்டை, பறித்து வெளியே அனுப்ப வேண்டும். மற்ற வீரர்கள் முன்னோக்கிப் பாயும்போது இவர் முகத்தை எதிரிக்குக் காட்டியபடியே பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். முன்னால் போவதைவிடப் பின்னால் சறுக்குவதில்தான் இவருடைய தரம் தெரியும்.

அப்படியானால் ஃபெதிசோவிடம் என்ன விசேஷம்?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். எதிரணி வட்டைச் சோவியத் கோலுக்குப் பின்னால் உள்ள மூலைக்குத் தள்ளிவிடுகிறது. ஃபெதிசோவ் அதை நோக்கிச் சறுக்குகிறார். அவர் முதுகைக் குறிவைத்து எதிரணி ஆள் ஒருவர் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறார். வட்டைத் தொடுவதற்கு முன்பே ஃபெதிசோவின் தலை தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிவிடும். அந்தப் பார்வையிலேயே யார் எங்கே என்று கணக்கு முடிந்துவிடும். வட்டு மட்டையில் பட்டதும் உடம்பை லேசாக ஒரு பக்கம் சாய்ப்பார். துரத்தி வந்தவர் அந்தப் பக்கம் போய்ச் சுவரில் மோதுவார். வட்டு மறுபக்கம் வந்திருக்கும். அடுத்த கணம் நாற்பது ஐம்பது அடி தள்ளி, ஓடிக்கொண்டிருக்கும் சக ஆட்டக்காரர் மகரோவின் மட்டையில் அது போய் உட்காரும்.

வேறு எந்தத் தடுப்பாட்டக்காரரும் அதோடு நின்றுவிடுவார். இவர் நிற்கமாட்டார். பாஸ் கொடுத்த கையோடு அதன் பின்னாலேயே முன்னேறுவார். சில நொடிகளில் எதிரணிக் கோலுக்கு முன்னால் நான்காவது தாக்குதல் ஆளாக நிற்பார். சோவியத் லீக்கில் மட்டும் 150க்கு மேல் கோல் அடித்த தடுப்பாட்டக்காரர் அவர். தாக்குதல் கடைசி ஆளிடமிருந்துதான் தொடங்குகிறது என்பதை அவரைப் பார்த்த பிறகுதான் நான் உணர்ந்தேன்.

உலகச் சாம்பியன்ஷிப்பில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை ஐந்து முறை வாங்கினார். முதல் முறை 1978இல், இருபதாவது வயதில்.

'பச்சை ஐவர்' என்கிறார்களே, அது யார்?

பயிற்சியின்போது ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து குழுவுக்கொரு நிறச் சட்டை போடுவார்கள். இவர்களுக்குக் கிடைத்தது பச்சை. பெயர் ஒட்டிக்கொண்டது.

முன்னால் விளாதிமிர் குருதோவ், இகோர் லரியோனோவ், செர்கேய் மகரோவ். பின்னால் ஃபெதிசோவும் அலெக்சேய் கசதோனோவும். எண்பதுகளில் இந்த ஐவரும் ஒன்றாகப் பனித்தளத்தில் இறங்கினால் எதிரணிக்கு வட்டைத் தொடவே நேரம் கிடைக்காது. கனடாக்காரர்கள் வட்டை முன்னால் வீசிவிட்டு அதைத் துரத்திப்போய் மோதிப் பிடிப்பார்கள். இவர்கள் கையில் இருக்கும் வட்டை வீணாக விடமாட்டார்கள். வழி அடைத்திருந்தால் திரும்பிப் பின்னால் கொண்டுவந்து, மறுபடி புதிதாகத் தொடங்குவார்கள். முதல்முறை பார்ப்பவருக்கு ஏன் பின்வாங்குகிறார்கள் என்று எரிச்சல் வரலாம். இரண்டு நிமிடம் பொறுத்தால், எதிரணி களைத்து இடம் விடுவது கண்ணில் படும்.

இந்த ஆட்டமுறைக்கு விதை போட்டவர் அனதோலி தராசோவ் என்ற பயிற்சியாளர். அறுவடை செய்தவர் பின்னால் செஸ்காவுக்கும் தேசிய அணிக்கும் பயிற்சியாளராக வந்த விக்தோர் திஹோனோவ்.

ஃபெதிசோவ் ராணுவத்தில் இருந்தாரா?

ஆம், பெயரளவிலும் சட்டப்படியும். அவர் ஆடிய செஸ்கா, ராணுவத்தின் மத்திய விளையாட்டுக் கழகம். அதில் ஆடுபவர்கள் ராணுவச் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள். நாடு முழுவதும் உள்ள நல்ல ஆட்டக்காரர்களைக் கட்டாய ராணுவ சேவை என்ற பெயரில் இந்தக் கழகத்தால் இழுத்துக்கொள்ள முடிந்தது. 1977 முதல் 1989 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் சோவியத் லீக் பட்டம் செஸ்காவுக்கே போனதற்கு ஒரு காரணம் அது.

ஃபெதிசோவ் மேஜர் பதவிவரை உயர்ந்தார். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் வெளிநாடு போகக் கேட்டபோது, ஒரு ஆட்டக்காரர் கழகம் மாறும் விஷயமாக அது இருக்கவில்லை. ராணுவ அதிகாரி ஒருவர் பதவியிலிருந்து விடுதலை கேட்கும் விஷயமாகிவிட்டது.

பயிற்சி முகாம் அவ்வளவு கடுமையானதா?

மாஸ்கோவை ஒட்டிய அர்ஹாங்கெல்ஸ்கொயே என்ற இடத்தில் முகாம். வருடத்தில் பத்து, பதினோரு மாதம் அங்கேதான். மனைவி, பிள்ளைகள் நகரத்தில், ஆட்டக்காரர்கள் முகாமில். வீட்டுக்குப் போகத் திஹோனோவின் அனுமதி வேண்டும். அது லேசில் கிடைக்காது. உலகச் சாம்பியன்கள், நாட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த முகங்கள், முப்பது வயதைத் தொட்ட குடும்பஸ்தர்கள், விடுதி மாணவர்களைப் போல அடைந்து கிடந்தார்கள்.

திஹோனோவை வில்லனாக மட்டும் எழுதிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த அணியின் உடல்தகுதியும் ஒழுங்கும் அவர் உழைப்பில் வந்தவை. ஆனால் வளர்ந்த மனிதர்களின் வாழ்க்கையை இத்தனை வருடம் இப்படிப் பூட்டிவைக்க எந்தத் தங்கப் பதக்கமும் நியாயம் ஆகாது.

1980இல் அமெரிக்க மாணவர்களிடம் தோற்ற அணியில் இவரும் இருந்தாரா?

இருந்தார். லேக் பிளாசிட் ஒலிம்பிக், பிப்ரவரி 22. அமெரிக்கா 4, சோவியத் 3. ஃபெதிசோவுக்கு அப்போது 21 வயது. சோவியத் அணிக்கு வெள்ளி. அமெரிக்காவில் அந்த ஆட்டம் ஒரு புராணக் கதையாகவே ஆகிவிட்டது. ஆனால் தோற்ற பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய தலைமுறை மெல்ல விலக, பச்சை ஐவர் உருவானார்கள். அடுத்த வருடமே கனடா கோப்பை இறுதி ஆட்டத்தில் கனடாவை அதன் மண்ணிலேயே 8-1 என்று வீழ்த்தினார்கள். 1984 சரயேவோவிலும் 1988 கால்கரியிலும் ஒலிம்பிக் தங்கம் வந்தது.

1985இல் அவர் ஆட்டத்தை விட நினைத்தாராமே?

அந்த ஆண்டு கோடையில் மாஸ்கோவில் அவர் ஓட்டிப்போன கார் விபத்துக்குள்ளானது. உடன் இருந்த தம்பி அனதோலி இறந்துபோனார். அவரும் நல்ல எதிர்காலம் உள்ள ஹாக்கி ஆட்டக்காரர். இன்னும் இருபதைத் தொடாத பையன். அண்ணன் உயிர் பிழைத்தார்.

ஹாக்கியே வேண்டாம் என்று அப்போது நினைத்ததாக ஃபெதிசோவ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தார். 1986இல் மாஸ்கோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கினார். இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் 1997க்கு வரும்போது இந்த விபத்தை மறக்காதீர்கள்.

சோவியத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை அமெரிக்கக் கழகங்கள் எப்படி 'எடுத்தன'?

என்ஹெச்எல் என்ற வட அமெரிக்க லீக்கில், இளம் ஆட்டக்காரர்கள் யாருக்கு என்று கழகங்கள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஆண்டுதோறும் நடக்கும். அந்த ஆட்டக்காரரின் சம்மதம் தேவையில்லை. அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் பொருட்டல்ல. 1978இல் மொன்ட்ரியல் கனேடியன்ஸ் அவரை 201ஆவது இடத்தில் எடுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. 1983இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் 150ஆவது இடத்தில் எடுத்தது. உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் 150ஆவது இடத்தில்! அவர் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் வருவார் என்றுதான் யாரும் நம்பவில்லை. லாட்டரிச் சீட்டு வாங்கி அலமாரியில் போட்டு வைப்பதைப் போலத்தான் எடுத்து வைத்தார்கள்.

அவர் ஏன் ஓடிப்போகவில்லை?

நான் சொல்ல நினைத்த இடம் இதுதான்.

ஓடுவதற்கு வழி இருந்தது. சோவியத் அணி வருடம் தவறாமல் வெளிநாடு போகும். ஹோட்டல் வாசலில் ஒரு கார் காத்திருந்தால் போதும். நியூ ஜெர்சி தரப்பு உதவவும் தயாராக இருந்தது. ஃபெதிசோவ் மறுத்தார். என் நாட்டுக்காக இத்தனை வருடம் ஆடியிருக்கிறேன், திருடனைப் போல ராத்திரியில் நான் ஏன் ஓட வேண்டும், எல்லோரும் பார்க்க முன்வாசல் வழியாகப் போவேன், திரும்பியும் வருவேன் என்பது அவர் நிலைப்பாடு. ஓடிப்போனால் ராணுவத்தைக் கைவிட்டு ஓடிய அதிகாரி என்ற பட்டம் வரும். பெற்றோரும் நண்பர்களும் பின்னால் மாட்டிக்கொள்வார்கள்.

1988 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினால் போகலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தங்கம் வந்தது. அனுமதி வரவில்லை. இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போனார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது: அப்படியே போனாலும் சம்பளத்தின் பெரும்பகுதியை அரசு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்றார்கள். என் ஒப்பந்தத்தில் நானே கையெழுத்துப் போடுவேன், என் சம்பளம் என் கைக்கு வரும் என்பதில் அவர் பிடிவாதமாக நின்றார்.

1988 அக்டோபரில் லரியோனோவ் 'அகன்யோக்' வார இதழில் திஹோனோவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கோர்பச்சோவ் காலம், வெளிப்படையாகப் பேசலாம் என்று அரசே சொல்லிக்கொண்டிருந்த நேரம். அது எதுவரை என்பதை யாராவது ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. 1989 ஜனவரியில் ஃபெதிசோவ், இனித் திஹோனோவிடம் ஆடமாட்டேன் என்று மாஸ்கோ செய்தித்தாளுக்குப் பேட்டி கொடுத்தார்.

விளைவு உடனே வந்தது. அணியிலிருந்து நீக்கம். தனியாகப் பயிற்சி செய்யக்கூட இடம் கிடைப்பது கடினமானது. நேற்றுவரை தோளில் கை போட்டவர்கள் எதிரே வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போனார்கள். பாதுகாப்பு அமைச்சர் திமித்ரி யாசவ் நேரில் கூப்பிட்டு அனுப்பினார். திஹோனோவிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப்போ என்று அமைச்சர் கத்தியதாகவும், தான் மறுத்ததாகவும் ஃபெதிசோவ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு மேஜர், தன் நாட்டின் பாதுகாப்பு அமைச்சரிடம் 'முடியாது' என்கிறார். நான்கு வருடம் முன்னால் யாரும் கற்பனைகூடச் செய்யாத காட்சி.

பிறகு நடந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஏப்ரலில் ஸ்டாக்ஹோமில் உலகச் சாம்பியன்ஷிப். மகரோவ், லரியோனோவ், குருதோவ், இன்னும் சிலர் தொலைக்காட்சியில் தோன்றி, ஃபெதிசோவ் இல்லையென்றால் நாங்களும் ஆடமாட்டோம் என்றார்கள். அவரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆட்டக்காரர்கள் அவரையே மறுபடி தலைவராக்கினார்கள். தான் எதிர்த்து நின்ற பயிற்சியாளரின் அணிக்குத் தலைவராகப் போய் உலகத் தங்கத்தையும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் வாங்கி வந்தார். அந்தக் கோடையில் கதவு திறந்தது.

அவர்தான் முதலில் போனவரா?

இல்லை. அதிகாரப்பூர்வ அனுமதியோடு முதலில் போனவர் செர்கேய் பிரியாகின். 1989 மார்ச்சில் கால்கரி ஃபிளேம்ஸில் சேர்ந்தார். ஆனால் பிரியாகினை அனுப்புவதில் அரசுக்குப் பெரிய இழப்பு இல்லை. தேசிய அணியின் தலைவரை அனுப்புவது வேறு.

அதே ஸ்டாக்ஹோம் போட்டி முடிந்ததும் அலெக்சாந்தர் மகில்னி என்ற 20 வயது ஆட்டக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் அமெரிக்கா போய்விட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த வயதில் அந்த முகாமில் இன்னும் பத்து வருடம் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கும் கால்கள் ஓடத்தான் செய்யும். ஃபெதிசோவ் வாங்கித் தந்தது வேறு ஒன்று: அடுத்த தலைமுறை ஓட வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

கசதோனோவுடன் என்ன சண்டை?

ஃபெதிசோவ் தனித்து நின்ற மாதங்களில் கசதோனோவ் அவர் பக்கம் நிற்கவில்லை. பல வருடம் பக்கத்தில் நின்று ஆடியவர், நெருங்கிய நண்பர். பேச்சுவார்த்தை நின்றது. விதியைப் பாருங்கள்: சில மாதத்தில் கசதோனோவும் அதே நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தார். உடைமாற்றும் அறையில் ஒருவரோடு ஒருவர் பேசாத இந்த இருவரையும் பயிற்சியாளர்கள் பனித்தளத்தில் ஜோடியாகவே இறக்கினார்கள். வாய் திறக்காமலே இருவரும் நன்றாக ஆடினார்கள். காலப்போக்கில் சமாதானம் ஆனது.

அமெரிக்காவில் முதல் வருடங்கள் எப்படி?

கஷ்டம்தான். வயது 31. அரங்கம் குறுகல், அன்றைய சர்வதேசப் பனித்தளத்தின் அகலம் 30 மீட்டர், அங்கே 26 மீட்டர். நான்கு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் திரும்பிப் பார்த்து யோசிக்க அவருக்குக் கிடைத்துவந்த அந்த அரை நொடி அந்த நான்கு மீட்டரில்தான் இருந்தது. கூடவே ஆடியவர்கள் அவர் போலச் சிந்திக்கவில்லை. அவர் வெற்றிடத்துக்கு பாஸ் அனுப்புவார். அங்கே ஓடிவர வேண்டிய மகரோவ் இல்லை. பாஸ் வீணாகும், பார்வையாளர்கள் முணுமுணுப்பார்கள். ரஷ்யன் என்பதற்காகவே மட்டையால் இடித்தவர்களும் உண்டு. பனிப்போர் முழுதாக முடிந்திருக்கவில்லை.

அப்படியும் முதல் பருவத்தில் 72 ஆட்டங்களில் 8 கோல், 34 கோலுக்கு உதவி என்று கணக்கு வைத்தார். மோசமில்லை. ஆனால் 1986இல் அவரைப் பார்த்தவர்களுக்கு, தாமதமாக வந்துவிட்டாரே என்ற வருத்தம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. அவருடைய பொன்னான பத்து வருடங்களில் என்ஹெச்எல் ரசிகர்கள் பார்த்தது, சோவியத் அணி விருந்தாளியாக வந்துபோன சில இரவுகளை மட்டுமே.

டெட்ராய்ட் எப்படி நடந்தது?

1995 ஏப்ரல் 3 அன்று நியூ ஜெர்சி அவரை டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்கு மாற்றிக்கொடுத்தது. ஈடாகப் பெற்றது டிராஃப்டின் மூன்றாவது சுற்றில் ஒரு தேர்வு உரிமை. 37 வயதை நெருங்கும் ஆளுக்கு அவ்வளவுதான் விலை. இரண்டே மாதத்தில் ஸ்டான்லி கோப்பை இறுதிக்கு டெட்ராய்ட் வந்தது. எதிரே நியூ ஜெர்சி. நான்கு ஆட்டத்திலும் டெட்ராய்ட் தோற்றது. தன்னைக் கைவிட்ட அணி கோப்பை தூக்குவதை அவர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார்.

டெட்ராய்டின் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன். அவரிடம் ஏற்கெனவே மூன்று ரஷ்யர்கள் இருந்தார்கள்: செர்கேய் ஃபெதரோவ், வியாச்சிஸ்லாவ் கஸ்லோவ், விளாதிமிர் கன்ஸ்தந்தீனவ். ஃபெதிசோவ் நான்காவது. 1995 அக்டோபரில் சான் ஹோசேயிலிருந்து லரியோனோவும் வந்தார். ஐந்து பேர்: மூன்று முன்கள ஆட்டக்காரர்கள், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். அக்டோபர் 27 அன்று கால்கரியில் போமன் ஐவரையும் ஒன்றாக இறக்கினார். டெட்ராய்ட் 3-0 என்று வென்றது.

பத்து வருடம் முன்னால் மாஸ்கோவில் ஆடிய அதே ஆட்டம், இப்போது அமெரிக்கக் கார்த் தொழிற்சாலை நகரத்தின் சிவப்புச் சட்டையில். வழி அடைத்தால் பின்னால் திரும்பு, வட்டை விடாதே, காலியிடத்துக்கு அனுப்பு. இந்த முறை ஓடிவர ஆள் இருந்தார்கள். அந்தப் பருவத்தில் அணி 62 ஆட்டம் வென்றது, அன்றைக்கு அது லீக் சாதனை. ஆனாலும் கோப்பை வரவில்லை. அடுத்த ஆண்டுதான் வந்தது. 1997 ஜூன் 7, பிலடெல்பியாவுக்கு எதிராக நான்கு நேர் வெற்றி. டெட்ராய்டுக்கு 42 வருடங்களுக்குப் பிறகு.

அணித் தலைவர் ஸ்டீவ் ஐசர்மன் கோப்பையைத் தூக்கிச் சுற்றி வந்தபின் முதலில் நீட்டியது ஃபெதிசோவிடம். அவர் அதைத் தனியாகத் தூக்கவில்லை. லரியோனோவைக் கூப்பிட்டார், இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றினார்கள்.

அதன் பிறகு நடந்த விபத்து?

ஆறே நாள் கழித்து, ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அணியினர் கோல்ஃப் ஆடிக் கொண்டாடிய நாள். குடித்துவிட்டு யாரும் கார் ஓட்டக் கூடாது என்று முன்கூட்டியே ஓட்டுநரோடு லிமோசின் அமர்த்தியிருந்தார்கள். பொறுப்பாக நடந்துகொண்டவர்களுக்கு நேர்ந்தது இது. ஒரு வண்டியில் ஃபெதிசோவ், கன்ஸ்தந்தீனவ், அணியின் உடல்பிடிப்பு நிபுணர் செர்கேய் ம்னத்சகானவ். ஓட்டுநரின் உரிமம் ஏற்கெனவே ரத்து செய்யப்பட்டிருந்தது. டெட்ராய்டை ஒட்டிய பர்மிங்ஹாமில் உட்வர்ட் அவென்யூவில் வண்டி தடம் மாறி மரத்தில் மோதியது.

கன்ஸ்தந்தீனவ், ம்னத்சகானவ் இருவருக்கும் தலையில் பலத்த காயம். வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார்கள். கன்ஸ்தந்தீனவுக்கு 30 வயது. எதிரணிகள் நடுங்கிய தடுப்பாட்டக்காரர். மறுபடி ஆடவே இல்லை. ஃபெதிசோவுக்கு நெஞ்சில் அடி, மற்றபடி தேறிவிட்டார். தம்பி போன காரிலிருந்து பிழைத்தவர், பன்னிரண்டு வருடம் கழித்து இன்னொரு நொறுங்கிய வண்டியிலிருந்தும் பிழைத்து எழுந்தார்.

ஆகஸ்டில் ஃபெதிசோவ், லரியோனோவ், கஸ்லோவ் மூவரும் கோப்பையை மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டான்லி கோப்பை ரஷ்ய மண்ணை மிதித்தது அதுவே முதல்முறை. செஞ்சதுக்கத்தில் அதை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். முன்வாசல் வழியாகப் போவேன், திரும்பியும் வருவேன் என்றவர் திரும்பி வந்திருந்தார்.

1998இல் சக்கர நாற்காலியில் ஒருவர் கோப்பையோடு இருக்கும் படம் எது?

கன்ஸ்தந்தீனவ்தான். அந்தப் பருவம் முழுக்க டெட்ராய்ட் ஆட்டக்காரர்கள் 'நம்புகிறோம்' என்ற சொல்லை ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் நெஞ்சில் தைத்துக்கொண்டு ஆடினார்கள். 1998 ஜூன் 16, வாஷிங்டன். மறுபடியும் நான்கு நேர் வெற்றி. எதிரணியின் அரங்கம் அது. கன்ஸ்தந்தீனவின் நாற்காலியைப் பனித்தளத்துக்குத் தள்ளி வந்தபோது வாஷிங்டன் ரசிகர்களும் எழுந்து நின்றார்கள். ஐசர்மன் கோப்பையை நேராகக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். சிவப்புச் சட்டைகள் சூழ நாற்காலி பனியில் ஒரு சுற்று வந்தது. தள்ளியவர்களில் ஃபெதிசோவும் ஒருவர். ஆட்டக்காரராக அவருக்கு என்ஹெச்எல்லில் கடைசி இரவு அது. 40 வயது.

என்ஹெச்எல் கணக்கு மொத்தமாக?

வழக்கமான பருவங்களில் 546 ஆட்டம், 36 கோல், 192 உதவி. கோப்பைக்கான சுற்றுகளில் 116 ஆட்டம், 2 கோல், 26 உதவி. இந்த எண்களை மட்டும் வைத்து அவரை அளந்தால் ஏமாந்துபோவோம். இவை 31 வயதுக்குப் பிறகான கணக்கு.

ஓய்வுக்குப் பிறகு?

நியூ ஜெர்சியில் உதவிப் பயிற்சியாளராகி 2000இல் இன்னொரு ஸ்டான்லி கோப்பை. 2001இல் டொரன்டோவில் உள்ள ஹாக்கி புகழரங்கில் இடம். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ரஷ்ய அணிக்குப் பயிற்சியாளர்; வெண்கலம். அதே ஆண்டு ரஷ்ய அரசின் விளையாட்டுத் துறைக்குத் தலைவர், 2008வரை. பிறகு செஸ்கா கழகத்தின் தலைவர் பொறுப்பு.

2009 டிசம்பரில், 51 வயதில், காயங்களால் தடுப்பாட்டக்காரர்கள் குறைந்துபோன செஸ்காவுக்காக ஒரே ஒரு லீக் ஆட்டத்தில் சட்டை போட்டு இறங்கினார். சில நிமிடங்கள்தான். வேகம் இல்லை. தலை மட்டும் பழைய மாதிரியே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது அரசியலில் இருக்கிறாரா?

ஆம். 2008 முதல் 2016வரை ரஷ்ய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினர். 2016 முதல் கீழவையான டூமாவின் உறுப்பினர், ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சியில். அமைச்சரிடம் 'முடியாது' என்று சொன்னவர் அதே அதிகார மாளிகைக்குள் இத்தனை வருடம் இருப்பது என்னைப் போன்ற ரசிகர்களுக்கு மனதை உறுத்தும் விஷயம். தேசத்தை விட்டுப் போகாமல் உள்ளிருந்து சேவை செய்வதாக அவர் நினைக்கலாம். 1989இலும் நாட்டை அவர் வெறுக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்த வருடத்து ஃபெதிசோவை நேசிப்பவன் இன்றைய ஃபெதிசோவின் எல்லா நிலைப்பாட்டுக்கும் துணை போக வேண்டியதில்லை. நான் போகவில்லை.

உலகிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரர் இவர்தானா?

கனடாக்காரரிடம் கேட்டால் தங்கள் நாட்டின் 'பாபி ஓர்' பெயரைச் சொல்வார். அதை மறுக்க என்னிடம் தெம்பு இல்லை. ஆனால் சர்வதேச ஆட்டம் என்று எடுத்துக்கொண்டால் போட்டியே இல்லை. 2008இல் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் நூற்றாண்டு அணியைத் தேர்ந்தெடுத்தது. வாக்களித்தவர்கள் 56 பேர். ஃபெதிசோவுக்கு 54 வாக்கு. அணியிலேயே அதிகம் அதுதான். ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய பெயரான கனடாவின் வெய்ன் கிரெட்ஸ்கிக்குக்கூட அவ்வளவு இல்லை.

முதல்முறை பார்ப்பவர் எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்?

1987 கனடா கோப்பை இறுதிச் சுற்று. மூன்று ஆட்டம், மூன்றும் 6-5. முதலாவது சோவியத்துக்கு, மற்ற இரண்டும் கனடாவுக்கு. கடைசி ஆட்டத்தில் ஒன்றரை நிமிடம்கூட மீதி இல்லாதபோது கிரெட்ஸ்கி கொடுத்த பாஸில் மரியோ லெம்யூ அடித்த கோல் எல்லா இடத்திலும் ஓடும். அதை எப்படியும் பார்ப்பீர்கள். ஆனால் இரண்டாவது ஆட்டத்தை முழுதாகப் போட்டு, வட்டைப் பார்க்காமல், சிவப்புச் சட்டையில் 2ஆம் எண்ணை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். வட்டு அவரிடம் வருவதற்கு முன்னால் தலை எப்போது திரும்புகிறது என்று பாருங்கள்.